மாடியில் ஏறிய களம்

எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை. ஏம்பலத்துக்கும் பாகூருக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் நாளைக்கே தணிக்கைக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து மொட்டை மாடிக்கு ஏறுவார்கள். அங்கே என்ன பார்ப்பார்கள் என்பதுதான் கதையே.

என் பெயர் செல்வகுமாரி. கொம்யூனில் இளநிலைப் பொறியாளர். அந்த இரண்டடுக்குக் கட்டடத்தின் வரைபடம் என்னுடையது, கான்கிரீட் கலவை பார்த்தது நான், வெயிலில் நின்று கறுத்ததும் நான்தான். ஆனால் நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அரிசியைத் தெரியும், நெல்லைத் தெரியாது. இதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் அஸ்திவாரம்.

பழைய அலுவலகம் பிரெஞ்சுக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம். வயதானவர்கள் அதை இன்னமும் பிரெஞ்சு வழக்கப்படி ‘மேரி’, அதாவது ஊர் மன்றம், என்றுதான் சொல்வார்கள். மழைக்காலத்தில் உள்ளே குடை பிடித்துக்கொண்டு பிறப்புச் சான்றிதழ் எழுதியிருக்கிறோம். ஓர் ஐப்பசியில் பதிவேடுகள் மொத்தமாக நனைந்துபோக, வாட்ச்மேன் மாலிக் அண்ணன் கொடி கட்டி, தாள் தாளாகக் கிளிப் போட்டுக் காயவைத்தார். கொம்யூனின் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் இரண்டு நாள் கொடியில் தொங்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் புதுக் கட்டடம் என்று உத்தரவு வந்தது. உத்தரவோடு ஒரு குடைச்சலும் வந்தது. ஆறு மாதத்துக்குள் மேடான இடம் கிடைக்காவிட்டால் அலுவலகம் எட்டு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊருக்குப் போய்விடும். ஒரு சாவுச் சான்றிதழ் வாங்க இரண்டு பஸ் மாற வேண்டும். செத்தவருக்குக் கவலை இல்லை, இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

ஊரில் மேடான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பொதுவான நெற்களம். தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் களம் போட்டிருக்கிறார்கள். அறுவடை மெஷின் வந்த பிறகு அங்கே கதிர் அடிக்கிற வேலை இல்லை. நெல் காயவைக்க மட்டும்தான். பன்னிரண்டு பேரும் தானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் இடம் கொம்யூனுக்கு வந்துவிடும். பதினோரு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள், அமிர்தம் அக்கா போட்டால் நாங்களும் போடுகிறோம் என்று.

அமிர்தம் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் போன பிறகு மூன்று காணி நெல்லும் கரும்பும் தனியாகப் பார்க்கிறவர். அவரிடம் சம்மதம் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. மூன்று முறை போனேன். மூன்று முறையும் மோர் கொடுத்தார், வெயில் எப்படி என்று விசாரித்தார், களத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான்காவது முறை நானே பேச்சை எடுத்தேன். அலுவலகம் போய்விட்டால் ஊருக்கு என்னென்ன நஷ்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நெல்லை எங்கே காயவைப்பது என்று ஒரே கேள்வி கேட்டார். ரோட்டில் கொட்டினால் பஸ் ஏறுகிறது, போலீஸ்காரர் சத்தம் போடுகிறார். எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் கட்டப் போகிற மொட்டை மாடி உங்கள் களத்தைவிடப் பெரியது என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

“அப்ப அங்க காய வெச்சுக்கலாமா?” என்றார்.

“தாராளமா வெச்சுக்கோங்க” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். மரியாதைக்குக் கொடுக்கிறார் என்று எடுத்து வாயில் போட்டு மென்றேன். சுண்ணாம்புகூடத் தடவவில்லை. மறுநாள் பன்னிரண்டு கையெழுத்தும் விழுந்தன. எவ்வளவு நல்ல மனுஷி என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

கட்டட வேலை தொடங்கியதும் அந்த நல்ல மனுஷி தினமும் வந்தார். சாயங்காலம் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மேஸ்திரி மணவாளனிடம் ஏதாவது பேசிவிட்டுப் போவார். இடம் கொடுத்தவர், பாசம் என்று நினைத்தேன். மாடித் தளத்துக்குத் தட்டோடு பதிக்கத்தான் நான் வரைபடத்தில் எழுதியிருந்தேன். மணவாளன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, ஓட்டு இடுக்கில் பாசி பிடிக்கும், சிமென்ட்டே வழுவழுப்பாகப் பூசிவிடலாம் என்றார். நியாயமாகப் பட்டது, சரி என்றேன். இன்னொரு நாள், மழைநீர்க் குழாய் வாயில் சல்லடைக் கம்பி வைத்தால் குப்பை அடைக்காது என்றார். இவ்வளவு அக்கறையுள்ள மேஸ்திரியா என்று அதிசயப்பட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் தகராறு. கான்கிரீட் சட்டி ஏற்றுவதற்காகக் கைப்பிடிச் சுவரையொட்டி ஒரு இரும்புக் கொக்கி அடித்திருந்தார். வேலை முடிந்ததும் அதை அறுத்து எடுக்கச் சொன்னேன். நாளைக்கு என்றார். மெஷின் ரிப்பேர் என்றார். மச்சான் கல்யாணம் என்றார். திறப்பு விழாவே முடிந்துபோனது. கொக்கி மட்டும் அப்படியே நின்றது.

விழா முடிந்த இரண்டாம் மாதம் புது ஆணையர் வந்தார். அரிகரன் என்று பெயர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, எண்ணி எண்ணிப் பேசுகிற சுத்தத் தமிழ். எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் பயம். முதல் வாரத்திலேயே மாடிப்படிக் கதவில் பூட்டுத் தொங்கியது. அனுமதியின்றி மேலே செல்லக் கூடாது என்று பலகையும் தொங்கியது. சாவி அவர் மேஜை இழுப்பறையில்.

பொங்கல் முடிந்து நான்கு நாள் ஆகியிருக்கும். யாரும் கூப்பிடாத மழை ஒன்று வந்து, அறுவடைக்கு நின்ற நெல்லை நனைத்துவிட்டுப் போனது. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நான் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன், அலுவலக வாசலில் இரண்டு டிராக்டர் நிற்கிறது. டிராக்டர் நிறைய ஈர நெல். முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அமிர்தம் அக்கா.

மாடிச் சாவி கேட்டார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்றைக்கு ஏதோ பேச்சுக்குச் சொன்னேன், அதைப் போய்ப் பிடித்துக்கொண்டீர்களே என்று குழறினேன்.

“பேச்சுக்கா? வெத்தலைய எடுத்து மென்னுட்டியே இன்ஜினியரம்மா. பேச்சு முடிஞ்சுது, வாக்கு ஆயிடுச்சுன்னு இல்ல நாங்க நிலத்த குடுத்தோம்?”

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. கல்யாண நிச்சயத்துக்கு வெற்றிலைத் தட்டு மாற்றுவார்கள் என்று எனக்கும் தெரியும். ஒரு மொட்டை மாடிக்கும் நிச்சயம் நடக்கும் என்று நான் கண்டேனா? பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு காகிதத்தை நம்பிக் களத்தைக் கொடுத்துவிட்டன என்று நினைத்திருந்தேன். அவர்கள் நம்பியது நான் மென்ற வெற்றிலையை. தட்டோடு, சல்லடை, கொக்கி எல்லாம் அந்த நிமிஷத்தில் வரிசையாகப் புரிந்தது. நான் அலுவலகம் கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் என்னை வைத்தே களம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

நெல்லில் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. இரண்டு நாள் இப்படியே குவிந்து கிடந்தால் முளை விட்டுவிடும் என்றார் அமிர்தம் அக்கா. ஆறு மாதப் பாடு மொத்தமும் அதோடு போயிற்று.

சத்தம் கேட்டு ஆணையர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, ஆகாது என்றார். இது பொதுக் கட்டடம், தனியார் தானியத்துக்கு இடம் கொடுக்க விதி இல்லை, இன்றைக்கு நெல் என்றால் நாளைக்கு மிளகாய் வரும், தளம் பாரம் தாங்காமல் விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்று அடுக்கினார். ஒவ்வொன்றும் சரிதான். சரியாக இருப்பவரோடு சண்டை போடுவதுபோல ஓர் அவஸ்தை கிடையாது.

அமிர்தம் அக்கா வாதாடவில்லை. சுருக்குப் பையை அவிழ்த்து இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்தார். தட்டு இல்லை. டிராக்டரில் இருந்த தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் துடைத்து, அதில் வைத்து, ஆணையர் முன்னால் நீட்டினார்.

ஆணையரின் வலது கை தானாக முன்னே வந்தது. நான் பார்த்தேன். பாதியில் நின்றது. பிறகு அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “மன்னிக்கணும் அம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அமிர்தம் அக்காவோ மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“அழாதடி. இந்த ஆளு களம் வெச்சிருக்குற வூட்டுப் புள்ள. தெரியாதவனா இருந்தா உன்ன மாதிரி எடுத்து வாயில போட்டுகினு போயிருப்பான். எடுத்தா செய்யணும்னு தெரிஞ்சவன்தான் கைய கட்டிப்பான்.”

நான் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அரசாங்க வேலையில் எட்டு வருஷம் கழித்ததில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் இல்லைதான். காகிதத்தில் கேட்டால், கேட்கிற விதத்தில் கேட்டால், ஒரு பேனா திறக்கும். அந்த மனிதருக்கு மனம் இருக்கிறது, வழி இல்லை. வழி போடுவதுதானே என் வேலை.

புதுக் கட்டடத்துக்கு முதல் வருஷத்தில் தளம் பாரம் தாங்குகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். அதற்குச் சுமை சோதனை என்று பெயர். மணல் மூட்டைகளை மாடியில் அடுக்கி ஒரு நாள் வைத்திருந்து, தளம் எவ்வளவு வளைகிறது என்று அளப்போம். குறிப்பேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தேன். மொட்டை மாடியில் சுமை சோதனை இன்னும் நடத்தப்படவில்லை. மணலுக்குப் பதிலாக உள்ளூரில் உடனே கிடைக்கும் பொருளைப் பயன்படுத்தலாம். அத்தகைய பொருள் இரண்டு டிராக்டர் அளவில் தற்போது அலுவலக வாசலிலேயே உள்ளது.

அதுவரை கை நன்றாகத்தான் ஓடியது. கடைசி வரிக்கு வந்தபோது நின்றது. பொறுப்பு யார் என்று எழுதியாக வேண்டும். மாடி ஒழுகினால், ஒரு கோடு விரிசல் விட்டால், விசாரணை, இன்கிரிமென்ட் கட், அப்புறம் மாகேக்கோ ஏனாமுக்கோ மாற்றல். வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் இருக்கிறாள். மறுபக்கம், இனிமேல் இந்தக் கொம்யூனில் நான் எந்த வாசலில் போய் நின்று எதைச் சொன்னாலும், வெற்றிலையைத் தின்றுவிட்டு ஏமாற்றியவள் என்றுதான் பார்ப்பார்கள். கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். தளம் தாங்கும். நான் வார்த்த தளம், எனக்குத் தெரியாதா? பாதகம் நேர்ந்தால் முழுப் பொறுப்பும் என்னுடையதே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோப்பைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

அவர் ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். கடைசி வரியில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

“சுமை சோதனைக்கு மணல் மூட்டைதானே வழக்கம்?”

“மணல் லாரி வர மூணு நாள் ஆகும் சார். நெல்லு வாசல்லயே நிக்குது.”

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பச்சை மையில் ஏதோ எழுதினார். நாலு வரிக்கு மேல் எழுதினார். அனுமதி இல்லை என்பதற்கு இவ்வளவு நீளம் எதற்கு? கோப்பை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வராந்தாவில் வந்து திறந்து பார்த்தேன்.

‘சுமை சோதனை அனுமதிக்கப்படுகிறது. நெல் நாலு விரற்கடைக்கு மேல் கனமாகப் பரப்பப்படக் கூடாது. ஒரு மணிக்கு ஒரு தரம் காலால் கோடு இழுத்துக் கிளறிவிட வேண்டும். பனி இறங்குமுன் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். தளத்தின் உறுதி தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டியது அவசியமாதலால், இச்சோதனை ஒவ்வோர் அறுவடையின்போதும் தவறாமல் நடத்தப்பட வேண்டும்.’

கிளறிவிட்டால்தான் தளம் பாரம் தாங்கும் என்று எந்தப் பொறியியல் புத்தகத்திலும் இல்லை. மாலிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “இத எழுதுனவரு காலுக்கு நெல்லோட சொணை அரிப்பு தெரியும்” என்று சொல்லிக்கொண்டே சாவி வாங்க ஓடினார்.

அதன் பிறகு நடந்ததை நான் வேலை பார்த்தேன் என்று சொல்ல முடியாது, வேடிக்கை பார்த்தேன். மணவாளன் எங்கிருந்தோ ஒரு கப்பியோடு முளைத்தார். நான் அறுக்கச் சொன்ன கொக்கியில் அதை மாட்டினார். நெல்லைச் சாக்கில் அள்ளிக் கட்ட, நூற்றிருபது மூட்டையும் கயிற்றில் ஆடி ஆடி மேலே போயின. பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவர்கள் வரிசையை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு கை இழுத்தார்கள். வழுவழுப்பான தரையில் நெல் பரவியது. ஒரு மணிகூட இடுக்கில் போகவில்லை, இடுக்கே இல்லையே. சல்லடைக் கம்பியில் நான்கு நெல் வந்து நின்றது. அமிர்தம் அக்கா குனிந்து அதைப் பொறுக்கி, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மற்ற பதினோரு குடும்பங்களும் தங்கள் நெல்லுக்கு முறை கேட்டு மாலிக் அண்ணனிடம் பெயர் கொடுத்தன. அவர் பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

நான் கடமை தவறாமல் மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள தளத்தில் உத்தரத்துக்கு அடியில் அளவுமானி வைத்து, மணிக்கு ஒரு முறை குறித்தேன். தளம் அசையவே இல்லை. சந்தோஷம் தாங்காமல் அதை மாலிக் அண்ணனிடம் நான்கு முறை சொன்னேன்.

மூன்று மணிக்கு ஆணையர் மேலே வந்தார். சோதனையைப் பார்வையிட வந்ததாகச் சொன்னார். படியின் கடைசியில் நின்று ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றி உள்ளே சுருட்டி வைத்தார். பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு நெல்லுக்குள் இறங்கி, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் நூல் பிடித்தாற்போலக் கோடு விழுந்தது. கடைசி வரை போய்த் திரும்பி, பக்கத்தில் இன்னொரு கோடு. நான்காவது கோட்டில்தான் அவர் வாயைத் திறந்தார்.

“திருவாண்டார்கோயில் பக்கம் எங்க களம். அதை வித்துட்டாங்க. இப்போ அங்க கம்பெனி ஷெட் நிக்குது.”

அமிர்தம் அக்கா தூக்குப் பாத்திர மூடியை மறுபடியும் நீட்டினார். இந்த முறை ஆணையரின் கை நடுவில் நிற்கவில்லை. வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டார்.

“பாத்தியா, சாப்புடத் தெரிஞ்சவரு” என்று அமிர்தம் அக்கா என்னைக் குத்திவிட்டு, மூடியை என் பக்கம் திருப்பினார். “நீயும் எடுத்துக்க. இப்ப தெரிஞ்சு எடு.”

கையை நீட்டினேன். சட்டென்று இழுத்துக்கொண்டேன். சூடு கண்ட பூனை நான்.

“எதுக்குன்னு முதல்ல சொல்லுங்க.”

மாடி முழுக்கச் சிரித்தது. ஆணையர்கூட மென்றுகொண்டே சிரித்தார். அமிர்தம் அக்கா மட்டும் சிரிக்காமல், கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் விரலை நீட்டினார். அங்கிருந்து பார்த்தால் ஏரி மதகிலிருந்து வருகிற வாய்க்கால் தெரியும். வாய்க்கால் என்பது பெயருக்குத்தான். கோரையும் காட்டாமணக்கும் மண்டி, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. கடைமடை வயல்களுக்கு ஐந்து வருஷமாகத் தண்ணீர் எட்டவில்லை. தூர் வாரச் சொல்லி மூன்று மனு வந்து என் மேஜையிலேயே தூங்குகிறது.

“ஆடிக்குள்ள” என்றார் அமிர்தம் அக்கா.

ஆணையரைப் பார்த்தேன். அவர் மும்முரமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மெஷின், நாற்பது நாள், நடுவில் யாராவது வரப்புத் தகராறு கிளப்பாமல் இருந்தால் முடியும். கிளப்பத்தான் போகிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகத் தடவிவிட்டேன் போலிருக்கிறது, நாக்கு வெந்துபோனது. அந்த நாக்கோடுதான் கீழே இறங்கிப் போய் வாய்க்கால் மனுக்களை வெளியே எடுத்தேன்.